தாடியரும் என் தம்பியின் குடும்பப் படமும்

டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகத்தில் சுங்க அதிகாரி என் பையைத் திறந்தார், உடனே மூடினார். உள்ளே மன்னார்க் கருவாடு இருந்தது. பிளாஸ்ரிக் பைகளில் சுற்றி, துவாயால் பொதிந்து, சாறிகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். கொழும்பிலிருந்து லண்டன்வரை அடங்கிக் கிடந்த மணம், வட கடலைக் கடந்ததும் எழும்பிவிட்டது. இது என்ன என்று கேட்டார். மீன் என்றேன். செத்து எவ்வளவு காலம் என்று கேட்டார். டேனிஷ்காரர்கள் பகிடி விடும்போது முகத்தை அசைக்கமாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. பயந்துபோய், தம்பிக்குக் கொண்டுபோகிறேன், அவனுடைய மனைவி தந்துவிட்டது, அவளுக்கு இங்கே வர இன்னும் அனுமதி கிடைக்கவில்லை என்று கேளாததெல்லாம் சொன்னேன். அவர் பையை என் பக்கம் தள்ளிவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

கப்பலில் ஏறியதிலிருந்தே என் வயிறு என் சொல் கேட்கவில்லை. லண்டன் ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலம் தாதியாக வேலை செய்தவள் நான். எத்தனையோ பேருடைய வாந்தியை அள்ளியிருக்கிறேன். என்னுடையதை இன்னொருத்தி அள்ளவேண்டி வந்தது அந்தக் கப்பலில்தான். பன்றிப் பண்ணை வைத்திருக்கும் டேனிஷ் மனுசி. ஒரு கையால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கறுத்தப் பாணில் ஊறுகாய் மீன் வைத்துச் சாப்பிட்டாள். யாரிடம் போகிறாய் என்று கேட்டாள். தம்பியிடம் என்றேன். தம்பிமார் நல்லவர்கள், ஆனால் கடிதம் எழுதமாட்டார்கள் என்றாள். என் தம்பி கிழமை தவறாமல் எழுதுகிறவன். எழுதி என்ன, அவனிடம் எழுத இருந்தது ஒரே ஒரு விடயம்தான்.

தம்பி அன்ரன் துறைமுகத்து வாசலில் நின்றான். அவனுடைய கலியாணத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். கன்னம் உள்ளே போயிருந்தது. என்னைக் கண்டு சிரித்தான்; சிரித்த பிறகு என் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்தான். நான் தனியாகத்தான் வருகிறேன் என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் பார்த்தான்.

அவனோடு வீட்டைப் பகிர்ந்திருக்கும் யோகன் காரோடு வந்திருந்தான். மட்டக்களப்புப் பிள்ளை, வாய் ஓயாதவன். கார் அவனுக்கு நேர் எதிர். அவர்கள் இருக்கும் கிரின்ஸ்டெட்டுக்குப் போகும் பாதையில் பாதி வழியில், இரண்டு பக்கமும் தட்டையான வயல், ஒரு மரம்கூட இல்லாத இடத்தில், நின்றுவிட்டது. உழவு இயந்திரத்தில் வந்த ஒரு விவசாயி இறங்கி, ஒன்றும் கேளாமல் கயிற்றைக் கட்டி, எங்களை ஊர்வரை இழுத்துவந்து விட்டுவிட்டு, தேத்தண்ணி வேண்டாம் என்று தலையை ஆட்டிப் போய்விட்டார். எங்கள் ஊரென்றால் கயிறு கட்டுவதற்குள் ஒரு கூட்டம் சேர்ந்து, எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லியிருக்கும். காரைவிட அந்தச் சத்தம் இல்லாததுதான் எனக்கு வெறுமையாக இருந்தது.

வீட்டில் முதல் வேலையாகப் படத்தைக் கொடுத்தேன். நான் டென்மார்க்குக்கு வந்ததே அந்தப் படத்தை அவன் கையில் கொடுக்கத்தான்.

ஒரு கலியாணத்துக்காகக் கொழும்புக்குப் போயிருந்தேன். அன்ரனின் மனைவி ஜெசிந்தாவும் மகள் அனிற்றாவும் மன்னாரைவிட்டு வந்து, கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் இருந்தார்கள். அன்ரன் வெளிக்கிட்டபோது அனிற்றா நடை பழகிக்கொண்டிருந்தாள். இப்போது ஐந்து வயது. இவ்வளவு காலமும் மூவரும் ஒன்றாக நிற்கும் படம் ஒன்று வேண்டும் என்று அவன் எழுதிக்கொண்டே இருந்தான். இருந்த படங்களெல்லாம் மன்னார் வீட்டோடு போய்விட்டன. எனவே இருவரையும் ஒரு ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப்போனேன்.

வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளுக்கு இது புதிதல்ல. மனைவியையும் பிள்ளையையும் நிறுத்திப் படம் பிடிப்பார்கள். கணவனை அவனுடைய பழைய படம் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்து நடுவில் ஒட்டுவார்கள். விளிம்பை மையால் மறைத்து, எல்லாவற்றையும் சேர்த்துத் திரும்பவும் ஒரு படம் பிடிப்பார்கள். யாரும் இதைப் பொய் என்று சொல்வதில்லை. குடும்பப் படம் என்றால் குடும்பம் முழுவதும் இருக்கத்தானே வேண்டும்.

அனிற்றா வெறும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கமாட்டேன் என்று அழுதாள். கடைசியில் படப்பிடிப்பாளர் என்னை அந்த இடத்தில் நிற்கச் சொன்னார். அவள் என்மேல் சாய்ந்துகொண்டாள், அழுகை நின்றது, படம் எடுபட்டது. பிறகு அந்த மனிதர் என்னை முழுதாக வெட்டி எறிந்துவிட்டு, என்னிடம் இருந்த, அன்ரன் தனியே நிற்கும் கலியாண நாள் படம் ஒன்றிலிருந்து கோட்டோடு அவனை எடுத்து என் இடத்தில் நிறுத்தினார். மெலிந்த மாப்பிள்ளை நான் நின்ற இடத்தை முழுவதும் நிரப்பவில்லை. மிச்சத்தை மை மறைத்தது. இதையெல்லாம் தம்பிக்குச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கறிக்குள் என்ன தூள் போட்டது என்று சாப்பிடுகிறவனிடம் யார் சொல்கிறார்கள்?

அன்ரன் படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய்க் கனநேரம் பார்த்தான். “என்னிலை சாஞ்சு நிக்கிறாள், பாத்தீங்களே அக்கா” என்றான். ஓம் என்றேன்.

அந்த ஆண்டுகளில் டென்மார்க்கில் இருந்த எங்கள் ஆட்கள் பலரின் நிலை இதுதான். அகதியாக ஏற்றுக்கொண்டார்கள், இருக்க இடம் கொடுத்தார்கள், மொழி படிப்பித்தார்கள். மனைவி பிள்ளைகளைக் கூப்பிட விண்ணப்பித்தால் மட்டும் எதுவும் நகரவில்லை. சட்டப்படி அவர்கள் வரலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், ஒருவரும் வரவில்லை. விண்ணப்பங்களை மேலிடத்தில் வேண்டுமென்றே நிறுத்திவைத்திருந்தார்கள் என்பது பிறகு நாடே பேசும் வழக்காக வெளியில் வந்தது. அந்தக் கிழமை எங்களுக்கு அது தெரியாது. தங்களில்தான் ஏதோ பிழை, எதையோ கொடுக்கத் தவறிவிட்டோம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்ரனுக்கு வெள்ளிக்கிழமை பொலிஸில் ஒரு சந்திப்பு இருந்தது. மனைவியும் பிள்ளையும் உன்னுடையவர்கள்தான் என்று காட்ட இன்னும் ஏதாவது இருந்தால் கொண்டு வா என்று சொல்லியிருந்தார்கள். கொண்டுபோக அவனிடம் இருந்தது இந்தப் படம் ஒன்றுதான். யோகன் அதற்கு ஒரு கண்ணாடிச் சட்டம்கூட வாங்கி வைத்துவிட்டான்.

புதன்கிழமை இருவருக்கும் மொழிப் பள்ளி. அன்றைக்கு வகுப்பறையில் பாடம் இல்லை, எஸ்பியர்க்கில் ஒரு நூலக மண்டபத்தில் கண்காட்சி பார்க்கப் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்றார்கள். கண்காட்சி ஐந்நூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் இருந்த ஓர் ஓவியரைப்பற்றியது. பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாசலில் தொங்கிய பெரிய படத்தைப் பார்த்துவிட்டு யோகன் வைத்த பெயர்தான் எங்களுக்குள் நிலைத்தது: தாடியர்.

ஓவியக் கண்காட்சி என்றால் சுவரில் சீமாட்டிகள் தொங்குவார்கள் என்று நினைத்துப் போனேன். அங்கே இருந்தது தச்சுப் பட்டறைமாதிரி. தாடியரின் தாள்களைப் பெரிதாக்கி ஒட்டி, அதிலிருந்ததை மரத்திலும் துணியிலும் செய்து வைத்திருந்தார்கள். பறவைகள் காற்றில் திரும்பும்போது எந்தச் செட்டை இறங்குகிறது, வால் எந்தப் பக்கம் விரிகிறது என்று அந்த மனிதர் பார்த்துக் கீறியிருக்கிறார். அதற்குப் பக்கத்தில், அதே எலும்பு மடிப்பும் மூட்டும் வைத்து மனிதனுக்குச் செய்த செட்டை. அது பறக்கவில்லை. மனிதனுடைய நெஞ்சுத் தசைக்குப் பறவையின் பலம் இல்லை என்று பிறகு அவரே விளங்கிக்கொண்டு, செட்டையை அடிக்காமல் காற்றில் மிதக்கும் பறவைகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். மலை உச்சியில் கடல் சிப்பிகளைக் கண்டு, ஒருகாலத்தில் இங்கே கடல் இருந்திருக்கிறது என்று சொன்னவரும் அவர்தான்.

எனக்குக் கால் நகராமல் போனது இதயத்தின் முன்னால். லண்டனில் நான் வேலை செய்வது இதய நோயாளிகளின் வார்டில். ஒரு மாட்டு இதயத்தின் வாயிலைப் பார்த்து, அதேமாதிரிக் கண்ணாடியில் ஒன்று செய்து, தண்ணீரில் புல் விதைகளைப் போட்டு ஓடவிட்டாராம் தாடியர். விதைகள் வால்வுக்குப் பின்னால் சுழன்று வந்ததைக் கண்டு, அந்தச் சுழிதான் கதவை மூடுகிறது என்று எழுதி வைத்தார். எங்கள் வைத்தியர்கள் இதை இருபதாம் நூற்றாண்டில், பெரிய கருவிகளெல்லாம் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தார்கள். அடுத்த மேசையில் ஒரு கால்வாய்க் கதவு. இரண்டு பலகைகள் வெள்ளத்துக்கு எதிரே கோணமாகச் சேர்கின்றன. தண்ணீர் தள்ளத் தள்ள இன்னும் இறுகுகின்றன. கப்பல் போகும் கால்வாய்களில் இன்றைக்கும் அப்படித்தான் என்று எழுதியிருந்தது. இதயத்தையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தேன். ஓடுகிற தண்ணீரே தன் கதவைச் சாத்திக்கொள்கிறது என்று ஒரே மனிதர் இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறார். எத்தனை வருடம் இந்த இதயங்களுக்குப் பக்கத்தில் நின்றேன், ஒருநாளும் இப்படி யோசித்ததில்லை.

ஆசிரியை கிர்ஸ்டன் நீண்ட கழுத்துள்ள, மெல்லப் பேசும் பெண். ஆளுக்கொரு படத்தைத் தெரிவுசெய்து டேனிஷில் சொல்லவேண்டும் என்றாள். ஒரு நிபந்தனை. தெரிந்ததைச் சொல்லக்கூடாது, கண்டதை மட்டும் சொல்லவேண்டும். இந்த மனிதர் செய்ததும் அதுதான் என்றாள். யோகன் பறக்கும் இயந்திரத்தைத் தெரிவுசெய்து, பாஸ்போட் இல்லாமல் வீட்டுக்குப் போக நினைக்கிற ஒரு ஆளைக் காண்கிறேன் என்றான். செட்டை கட்டிய ஒரு ஆளைத்தான் நீ காண்கிறாய், மற்றது நீ அறிந்தது என்று கிர்ஸ்டன் திருத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள், யோகனும் சிரித்தான். பிறகு என்னிடம் இரகசியமாக, “மறுகா நான் சொன்னதுல என்ன அக்கா பிழை?” என்று கேட்டான்.

அன்ரன் தெரிவுசெய்தது நிற்கும் மனிதன் ஒருவனின் படம். கழுத்துக் குழியிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு. பாரம் தாங்கும் காலின்மேல் அந்தக் கோடு விழுந்தால் மனிதன் நிற்பான். வெளியே விழுந்தால் விழுவான், அல்லது எதிலாவது சாய்ந்திருப்பான். அன்ரன் தட்டித்தடவி இதைச் சொல்லி முடித்தான், யோகன் எனக்கு எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். கிர்ஸ்டன் சந்தோசப்பட்டாள். அந்தச் சந்தோசத்தில்தான் அன்ரன் கோட்டுப் பையிலிருந்து குடும்பப் படத்தை எடுத்து, இன்னொன்று சொல்கிறேன் என்றான். ஒரு பெண்ணைக் காண்கிறேன். ஒரு பிள்ளையைக் காண்கிறேன். ஒரு மனிதனைக் காண்கிறேன்.

கிர்ஸ்டன் படத்தை வாங்கிப் பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள். பிறகு அவனைச் சுவரின் மூலைக்குக் கூட்டிப்போனாள். அங்கே தாடியர் ஒரு பந்தையும் ஒரு விளக்கையும் கீறியிருந்தார். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே தொடங்கி எங்கே மங்குகிறது என்று. பிறகு அவள் படத்தில் விரலை வைத்தாள். பெண்ணின் மூக்கு நிழல் வலப்பக்கம் விழுகிறது. பிள்ளையின் மூக்கு நிழலும் வலப்பக்கம். உன்னுடையது இடப்பக்கம். இதைப் பொலிஸில் கொடுத்தால் நீ ஏமாற்ற வந்தாய் என்று சொல்வார்கள், தயவுசெய்து கொடுக்காதே என்றாள்.

அன்ரன் படத்தை வாங்கிக்கொண்டான். “படம் பொய்யெண்டால் பிள்ளையும் பொய்யோ?” என்று தமிழில் கேட்டான். அதை யோகன் மொழிபெயர்க்கவில்லை.

எனக்குக் கிர்ஸ்டன்மேல் கோபம் வந்தது. அதைவிடத் தாடியர்மேல் வந்தது. எப்போதோ செத்துப்போன ஒரு மனிதன் என் தம்பியின் வீட்டுப் படத்துக்குள் வந்து மூக்கை நுழைக்கவேண்டிய தேவை என்ன? வியாழக்கிழமை முழுவதும் இதைச் சொல்லிக்கொண்டே கருவாட்டுக் குழம்பும் கோதுமைமாப் பிட்டும் செய்தேன். தேங்காய்ப்பூ உலர்ந்தது, பிட்டு தொண்டையில் நின்றது. யோகன் மட்டும் கருவாட்டின் மணத்துக்காகவே மூன்றாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டான். படத்தைக் கொடுத்துவிடு, எந்தப் பொலிஸ்காரன் மூக்கு நிழல் பார்க்கப்போகிறான் என்று நான் சொன்னேன். ஒட்டியது என் யோசனை, அதனால் பிடிவாதமும் என்னுடையது.

அன்ரன் அதை விட்டுவிட்டு என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்கினான். அனிற்றா எந்தக் கையால் சாப்பிடுகிறாள்? சிரிக்கும்போது கண் மூடுகிறதா? படி இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறாள்? நல்ல பிள்ளை, கெட்டிக்காரி, உன் சாயல் என்று நான் சொல்லச் சொல்ல, “அதில்லை அக்கா, கண்டதைச் சொல்லுங்கோ” என்றான். ஒரு கிழமை அந்தப் பிள்ளையோடு இருந்தேன். கண்டது அவ்வளவு குறைவு. நினைவுக்கு வந்தது ஒன்றுதான்: இடக்கையால்தான் கீறுவாள், ஜெசிந்தா ஏசினால் வலக்கைக்கு மாற்றுவாள், தாய் திரும்பியதும் பழையபடி இடக்கை. அன்ரன் இதை மூன்றுதரம் சொல்லக் கேட்டான். கண்ணாடியில் பார்த்து வாசிக்கும்படி இடக்கையால் எழுதியவராம் தாடியரும் என்று யோகன் சொன்னபோது, அன்ரனுக்குப் பெருமை தாங்க முடியவில்லை. பிள்ளையின் கையைத் திருத்தவேண்டாம் என்று அன்று பின்னேரமே ஜெசிந்தாவுக்கு எழுதினான்.

வெள்ளிக்கிழமை கார் ஒழுங்காக ஓடியது. நானும் யோகனும் வெளியே காருக்குள் இருந்தோம். கடற்காற்று கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தது. அன்ரன் போன வேகத்தில் திரும்பி வந்தான். கையில் படம் இருந்தது.

என்ன நடந்தது என்று வரும் வழியில் சொன்னான். படத்தை மேசையில் வைத்தானாம். வகுப்பில் சொன்னதுபோலவே டேனிஷில் சொன்னானாம். ஒரு பெண்ணைக் காண்கிறேன், என் மனைவி. ஒரு பிள்ளையைக் காண்கிறேன், என் மகள். ஒரு மனிதனைக் காண்கிறேன், அது நான், நான் அங்கே நிற்கவில்லை, ஒட்டியிருக்கிறார்கள். பொலிஸ்காரர் வயதானவர். படத்தைத் தூக்கிப் பார்த்து, இதைக் கோப்பில் சேர்க்க முடியாது, வீட்டில் வைத்துக்கொள் என்று பக்குவமாகத் திருப்பிக் கொடுத்தாராம். முடிவு எப்போது வரும் என்று கேட்டதற்கு, அது தன் கையில் இல்லை என்றாராம். வேறு ஒன்றும் இல்லை.

எனக்கு அடுத்தநாள் கப்பல். வீட்டுக்கு வந்து சோற்றை அடுப்பில் வைத்தேன். யோகன் கார் கழுவப் போய்விட்டான். அன்ரன் குசினிக்குள் வந்து, படத்தைக் குளிர்ப்பெட்டிக் கதவில் நேராக ஒட்டினான். தையல் நூலில் வீட்டைப் பூட்டும் திறப்பைப் பாரமாகக் கட்டி, நூலை அனிற்றாவின் கழுத்துக் குழியில் பிடித்தான். திறப்பு ஆடி ஆடி நின்றது. நூல் அவளுடைய சப்பாத்துகளைத் தாண்டி, வெளியே நின்றது.

“இவள் தனிய நிக்கேல்லை அக்கா. உண்மையாய் ஆரிலையோ சாஞ்சு நிக்கிறாள். அந்த இடத்திலை ஆர் நிண்டது?”

“நான்தான்” என்றேன்.

அவனுக்கு முகம் விழுந்துவிடும் என்று நினைத்தேன். விழவில்லை. இந்தக் கிழமையில் முதல்தடவையாக என்னை, என் பின்னால் பாராமல், என்னையே பார்த்தான். தலை எங்கே பட்டது என்று கேட்டான். இடுப்பில் என்றேன். தோள்? தொடையில். கை? என் சாறியின் கொய்யக மடிப்பைப் பிடித்திருந்தாள். ஈரக் கை, அழுது துடைத்த கை. இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது என்பதே அவன் கேட்கும்வரை எனக்குத் தெரியாது. கண்ணால் கண்டதைத்தான் மறந்திருந்தேன்.

“பாரமோ?”

அதை எப்படிச் சொல்வது? பாரம் என்றும் சொல்ல முடியாது, பாரமில்லை என்றும் சொல்ல முடியாது. சொல்லத் தெரியவில்லை என்றேன்.

“அப்ப சாஞ்சு காட்டுங்கோ.”

விசர் கதை கதைக்காதே என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். அவன் ஏற்கனவே குளிர்ப்பெட்டிக்கு முன்னால் போய், படத்தில் நிற்கும் மாப்பிள்ளைபோல் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான். ஐந்து வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு வருவதற்கு நான் முழங்காலில் இருக்கவேண்டி வந்தது. நோயாளிகளைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த முழங்கால்கள். தலையை அவனுடைய இடுப்பில் வைத்தேன். தோளைத் தொடையோடு சேர்த்தேன். கையால் அவனுடைய சேட்டு நுனியைப் பிடித்தேன். இன்னும் கொஞ்சம் என்றான். இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன். அவளும் அவ்வளவுதான் சாய்ந்தாள், அதற்குமேல் இல்லை என்றேன்.

அவன் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. பிறகு அவனுடைய கை வந்து என் தலையில் இருந்தது. அக்காவின் தலையில் தம்பி கை வைப்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். கை அங்கேயே இருந்தது.

“கால் நோகுதோ?” என்று கேட்டான்.

என்னிடம் கேட்டானா, பிள்ளையிடம் கேட்டானா என்று தெரியவில்லை. முழங்கால் உயிர்போக நொந்தது. நோகவில்லை என்றேன்.